விரல் இடுக்கில் புகுந்த காய்ச்சல்: ஒரு யானைக்கால் நோயாளியோடு இரண்டரை ஆண்டுகள்

முதலில் சில வார்த்தைகள்

காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரத்து மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். வியாழக்கிழமைகளில் கை, கால் வீக்கத்தோடு வருபவர்களுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். நானும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும்தான் அந்தப் பிரிவு. இங்கே எழுதுவது அப்படி வந்த ஒரு பெண்ணைப் பற்றி. அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் போன போக்கையும், நாங்கள் எடுத்த முடிவுகளையும், அதில் நான் செய்த தவறையும் மாற்றவில்லை.

யானைக்கால் என்றதும் எல்லோரும் காலின் பருமனைத்தான் பார்க்கிறோம். பருமனைவிட அதிகமாகப் பிழைப்பைக் கெடுப்பது திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று குனிந்து பார்க்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி

2022 ஜூலையில் முதல் தடவை வந்தபோது அவருக்கு 47 வயது. விவசாயக் கூலி. நடவு, களை, அறுப்பு, அப்புறம் உளுந்து, பருத்தி என்று வருஷம் முழுக்க வயல் வேலை. இடையில் நூறு நாள் வேலை. கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். ஒரே மகள், 22 வயது, படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தார்.

இடது கால் வீங்க ஆரம்பித்தது எப்போது என்று கேட்டேன். "இவ பால்வாடிக்குப் போன வருசம்" என்று மகளைக் காட்டினார். அதாவது சுமார் 19 வருஷம். முதலில் சாயங்காலம் வீங்கும், காலையில் வடிந்துவிடும். சில வருஷத்தில் வடிவது நின்றுபோனது. அந்தச் சமயத்தில் தெருவுக்கு ராத்திரியில் வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் மேலோட்ட ரத்தத்துக்கு வரும் என்பதால் அப்படி எடுப்பது வழக்கம். "பூச்சி இல்லை" என்று முடிவு வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாகக் கொடுத்த, அந்தப் புழுவைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரையையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

பூச்சி இல்லை என்ற அந்தச் சொல் அவர் குடும்பத்தில் வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. அப்படியானால் இது நோய் இல்லை, பரம்பரை. இல்லையென்றால் யாரோ செய்து வைத்தது. உண்மையில், கால் நிரந்தரமாக வீங்கிப்போனவர்களில் பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் புழுக்குஞ்சு இருக்காது. புழு எப்போதோ செத்திருக்கும், திசுக்களில் தேங்கும் நீரை வடிக்கிற நிணநீர்க் குழாய்கள் அது கெடுத்தபடியே இருக்கும். இதை அன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால், மாமியார் இவரை மருமகளாகச் சேர்த்துக்கொண்டதே தப்பு என்று பேசியிருக்க மாட்டார்.

காய்ச்சல் வர ஆரம்பித்து 12 வருஷம் இருக்கும். வரும் விதத்தை அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "தொடை இடுக்குல நெறி கட்டும். அரை மணி நேரத்துல வெடவெடன்னு குளிரு. ரெண்டு போர்வை போத்துனாலும் நிக்காது. விடிஞ்சு பாத்தா காலு செவந்து நெருப்பா கொதிக்கும்." நான்கைந்து நாள் படுக்கை. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்கில் ஊசி, இரண்டு நாள் மாத்திரை. கூடவே ஒரு டி.இ.சி. பட்டை. காய்ச்சல் போகும், கால் முன்பு இருந்ததைவிட ஒரு சுற்றுக் கூடியிருக்கும்.

கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை என்று கேட்டால் உடனே சொல்ல முடியவில்லை. பொங்கல், மாசி மகம், ஊர்த் திருவிழா, நாற்று விட்ட நாள் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி நர்ஸ் எண்ணினார். ஒன்பது முறை வந்தது. ஒரு முறைக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 45 நாள் கூலி. நடவு மும்முரத்தில், கூலி நன்றாகக் கிடைக்கிற நாட்களில்தான் காய்ச்சலும் அதிகம் வந்திருந்தது. அந்தப் பொருத்தத்தை அன்றே நான் பிடித்திருக்க வேண்டும்.

முதல் நாள் பார்த்தது

புடவைக் கொசுவத்தைத் தரை தொடும்படி இறக்கிக் கட்டியிருந்தார். உட்காரச் சொன்னதும் இடது காலை வலது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். கணவருடைய ஹவாய் செருப்பைப் போட்டிருந்தார். அதன் வாரும் பத்தாமல் அறுத்துவிட்டு, பழைய சைக்கிள் டியூப்பை வைத்துத் தைத்திருந்தார்கள்.

இடது கணுக்காலுக்கு மேல், தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 29 செ.மீ.; வலதில் 22. ஆடுசதையில், 30 செ.மீ. உயரத்தில், இடது 38.5, வலது 32. தோல் தடித்து, கணுக்காலில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. இரண்டாவது விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தேன், பிடிபடவில்லை. நிணநீர் வீக்கத்துக்கு இது நல்ல அடையாளம்.

வலது பாதத்திலும் லேசாக வீக்கம் இருந்தது. அழுத்தினால் குழி விழுந்தது. இதை வைத்துத்தான் முன்பு யாரோ நீர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இதயம், சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பரிசோதித்ததில் குறை இல்லை. வயிற்று ஸ்கேனில் கட்டி இல்லை. காலின் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டு இல்லை. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால் இடுப்புக்குள் கட்டி உண்டா என்று பார்க்காமல் யானைக்கால் என்று எழுதிவிடக் கூடாது. எங்கள் பகுதியில் அந்த அவசரம் உண்டு. உடலில் யானைக்கால் புழு உண்டா என்று பார்க்கும் ஃபைலேரியா ஆன்டிஜென் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை.

வலது பாத வீக்கத்துக்குக் காரணம் அவருடைய பையிலேயே இருந்தது. பிரஷருக்காக இரண்டு வருஷமாக அம்லோடிபின் சாப்பிட்டு வந்தார், தினம் 10 மி.கி. பாதத்தில் நீர் கோப்பது அந்த மருந்துக்குத் தெரிந்த பக்க விளைவு, அளவு கூடக் கூட அதுவும் கூடும். ஏற்கெனவே வடிகால் தூர்ந்துபோன இடது காலுக்கு அது கூடுதல் சுமை. லோசார்டான் என்ற வேறு பிரஷர் மருந்துக்கு மாற்றினேன். நீர் மாத்திரையை நிறுத்தினேன். நிணநீர் வீக்கத்துக்கு அதனால் பயன் இல்லை.

இதுவரை செய்தது சரி. அடுத்து செய்தது தவறு.

முதல் முடிவும் அது தவறிய விதமும்

அந்த மாதம்தான் எங்களிடம் நீளாத வகைக் கட்டுத் துணி வந்திருந்தது. அதிகம் இழுபடாத பேண்டேஜ். நடக்கும்போது தசை அதில் மோதி நிணநீரை மேலே தள்ளும். முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்த உற்சாகத்தில் இருந்தேன். முதல் நாளே பாதத்திலிருந்து முட்டி வரை பஞ்சு சுற்றி, மேலே கட்டுப் போட்டு, "வியாழக்கிழமை வாங்க, அவிழ்த்துப் போடுறேன், நனைய விடாதீங்க" என்று அனுப்பினேன். கூடவே, "சேத்துல இறங்காதீங்க" என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சல். கட்டுக்குள் கால் வெடிக்கிற மாதிரி வலித்ததால் கணவர் பிளேடால் துணியை அறுத்து எடுத்திருக்கிறார். பழைய கிளினிக், பழைய ஊசி. எங்களிடம் வரவில்லை. வியாழக்கிழமை வராததைக் குறித்துக்கொண்டோம். ஆனால் ஏன் வரவில்லை என்று ஒரு போன் செய்து கேட்கவில்லை. மருத்துவரின் கணக்கில் "தொடர் சிகிச்சைக்கு வராதவர்" என்று ஒரு கோடு. அவ்வளவுதான்.

நவம்பர்: நர்ஸ் கண்டுபிடித்தது

நவம்பர் மூன்றாம் வாரம், தாளடி நடவு நடந்துகொண்டிருந்தபோது, 103 டிகிரி காய்ச்சலோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இந்த முறை உளறல் இருந்ததால் கிளினிக்கில் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அட்மிட் செய்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் ஒரு பேசினில் தண்ணீர் வைத்து அவர் காலைக் கழுவ உட்கார்ந்தார். அவர் காலை வெளி ஆள் ஒருவர் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னார். கழுவிக்கொண்டே போன நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். "டாக்டர், டார்ச் எடுத்துட்டு வாங்களேன்."

வீங்கிய விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்துப் பிடித்தால்தான் இடுக்குத் தெரியும். மூன்று இடுக்குகளில் தோல் ஊறிய அப்பளம் மாதிரி வெளுத்து, தொட்டால் உரிந்தது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் நெல்மணி நீளத்துக்கு ஒரு வெடிப்பு, அடியில் சிவப்பு. சேற்றுப்புண். நடவு வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வார். இந்தக் காலில் அது வெறும் அரிப்போடு நிற்கவில்லை. வெடிப்பு வழியாக நுழைகிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகளை வடிகட்டி அனுப்ப வேண்டிய நிணநீர்ப் பாதை அடைபட்டிருக்கிறது. அதனால் கிருமி அங்கேயே பெருகுகிறது. ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கிற குழாய்களில் சிலவற்றைக் கெடுத்துவிட்டுப் போகிறது. வீக்கம் கூடுகிறது, விரல்கள் இன்னும் நெருங்குகின்றன, இடுக்கு இன்னும் ஈரமாகிறது.

இரண்டாவது விரலில் மெட்டி. வெள்ளி மெட்டி, கல்யாணத்தன்று போட்டது. விரல் வீங்கி அதன் மேல் தோல் ஏறி, பாதி மறைந்திருந்தது. அதன் அடியில் இருந்த ஈரம் எந்தக் காலத்திலும் காய்ந்திருக்காது. ஜூலையில் தோலைக் கிள்ளிப் பார்த்தேன் என்றேனே, அதே விரல். மெட்டியின் மேல் பட்டுத்தான் என் விரல் இருந்தது. பக்கத்து இடுக்கைப் பார்க்கவில்லை. ஈரப்புண்ணோடு இருந்த காலை ஒரு வாரத்துக்கு மூடிக் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு அவரிடம் அதைச் சொன்னேன். "கட்டுப் போட்டதுல எனக்குத்தான் தப்பு நடந்துபோச்சும்மா." அவர் பதறிப்போய், "அய்யோ, நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க டாக்டரம்மா" என்றார். அப்படிச் சொல்ல வேண்டிய நிலையில் அவரை நிறுத்தியதும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மெட்டியைக் கழற்றுவது மருத்துவ முடிவு மட்டும் இல்லை. கணவர் உயிரோடு இருக்கும்போது மெட்டியை எடுப்பதா என்று அவர் அழுதார். நாங்கள் வற்புறுத்தவில்லை. நர்ஸ் கணவரைக் கூப்பிட்டு இடுக்கைக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வலது கால்ல கெடந்தா போதாதா? எனக்கு ஒன்னும் ஆவாது" என்று மனைவியிடம் சொன்னார். மறுநாள் பத்தர் கடையிலிருந்து ஒருவரை அழைத்து வந்து வெட்டி எடுத்தார்கள். அடியில் வளையமாகப் புண்.

புதிய திட்டம்

டிஸ்சார்ஜ் ஆன வாரத்தில் நானும் நர்ஸும் அவர் வீட்டுக்குப் போனோம். தெருக் குழாயில் காலையும் மாலையும் தண்ணீர் வரும். குளிக்க வீட்டுக்குப் பின்னால் கீற்றுத் தடுப்பு, கீழே மண் தரை. கழுவிய கால் நாலடி நடப்பதற்குள் மறுபடி சேறாகிவிடும். படுப்பது தரையில் பாய் போட்டு. "காலை உயரமா வெச்சுப் படுங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்வதற்கு அங்கே அர்த்தமே இல்லை. வைக்கோல் திணித்த சாக்கை ஒன்றரை அடி நீளத்துக்குத் தைத்துக் கொடுக்க மகள் ஒத்துக்கொண்டார். கழுவும் இடத்துக்கு இரண்டு சிமென்ட் பலகை கணவர் கொண்டுவந்து போட்டார்.

திட்டத்தின் மையம் கழுவுவது. ராத்திரி ஒரு முறை, சாதாரணத் தண்ணீர், சாதாரண சோப்பு. வெந்நீர், கல் உப்பு, டெட்டால் மூன்றையும் சேர்த்து ஊற வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. தோலை அது இன்னும் வெடிக்க வைக்கும் என்பதால் நிறுத்தச் சொன்னோம். கழுவுவதைவிட முக்கியம் துடைப்பது. பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்து, இரு முனையையும் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. அப்புறம் பூஞ்சைக் களிம்பு. மருதாணி அரைத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதைக் குறை சொல்லவில்லை. ஈரத்தின் மேல் எதை அப்பினாலும் ஈரம் உள்ளேயே நிற்கும், முதலில் காய வையுங்கள் என்று மட்டும் சொன்னோம். அவருக்கு முட்டி வலி. குனிந்தால் கடைசி இடுக்கு கண்ணுக்குத் தெரியாது. அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டார்.

சேற்றில் இறங்குவது பற்றி இந்த முறை நான் உத்தரவு போடவில்லை, கேட்டேன். "சேத்துல எறங்காம எங்க போறது? நடவுக்குப் போவலைன்னா அடுத்த தடவை ஆள் சேக்க மாட்டாங்க" என்றார். அந்தப் பதிலை ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் போடலாமா என்றால், டெல்டா சேற்றில் பூட்ஸ் அங்கேயே புதைந்து நிற்கும், கால் மட்டும்தான் வெளியே வரும். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வேலை முடிந்ததும் போர் செட்டில் அங்கேயே கழுவி, இடுப்பில் செருகிக்கொண்டு போகிற துணியால் துடைத்து, செருப்போடு வீடு வருவது. அதுவரை சேற்றுக் காலோடு நடந்து வந்து, சமைத்து முடித்துவிட்டு ராத்திரிதான் கழுவுவார்.

வார் அறுத்த ஹவாய் செருப்புக்குப் பதில், அளவெடுத்து எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்து வாங்கினோம். அகல வார், வெல்க்ரோ பட்டையில் ஒட்டிக்கொள்ளும் வகை.

காய்ச்சல் வராமல் தடுக்கப் பென்சிலின் கொடுப்பது பற்றி யோசித்தோம். ஆண்டுக்கு ஒன்பது முறை என்றால் 21 நாளுக்கு ஒரு முறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி போடுவது நியாயமான சிகிச்சைதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், தினமும் சிறு அளவு பென்சிலின் எடுத்தவர்களுக்குக் காலில் இப்படிப்பட்ட தொற்று திரும்புவது குறைந்தது. நிறுத்தியதும் அந்தப் பாதுகாப்பு தேய்ந்துபோனது. வாசல் திறந்திருக்கும்போது மருந்தால் காவல் காப்பதைவிட முதலில் வாசலை அடைப்போம், மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை வந்தால் ஊசியை ஆரம்பிப்போம் என்று முடிவு செய்தோம். வீட்டில் வைத்துக்கொள்ள ஐந்து நாள் அமாக்சிசிலின் கொடுத்து, நெறி கட்டியதும் முதல் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போன் செய்யச் சொன்னோம். டி.இ.சி. வேண்டாம் என்றோம். காய்ச்சல் நேரத்தில் அதைக் கொடுப்பதால் பயன் இல்லை.

நோய் எப்படி வந்தது என்பதை விளக்க நர்ஸுக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. "வயலுக்குப் பாசன வாய்க்கால் ஒன்னு, வடிகால் ஒன்னு இருக்குல்லக்கா? உங்க கால்ல பாசனம் நல்லா இருக்கு, வடிகால்தான் தூந்துபோச்சு." அதைக் கேட்டுவிட்டு மகள் தனியாக வந்து என்னிடம் கேட்டார்: "எனக்கு வருமா? எனக்குப் பொறக்கிற புள்ளைக்கு?" பெண் பார்க்க வந்த இரண்டு இடம் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. இது ரத்த வழியில் வருவதில்லை, தொட்டால் ஒட்டுவதில்லை, கொசு வழியாக வருவது என்று சொல்லி, வேண்டுமானால் அடுத்து வருபவர்களை என்னிடம் அனுப்புங்கள் என்றேன். அப்படி ஒரு குடும்பம் உண்மையிலேயே வந்தது. அரை மணி நேரம் பேசினேன். அந்த வருஷம் நான் செய்த நல்ல வைத்தியங்களில் ஒன்றாக அதை நினைக்கிறேன்.

இந்தக் கால் எந்தக் கணக்கில் வருகிறது

உலக சுகாதார நிறுவனம் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தை 2000-ல் தொடங்கியது. அதற்கு இரண்டு கால்கள். ஒன்று, ஊர் முழுக்க மாத்திரை கொடுத்துப் புழு பரவுவதை நிறுத்துவது. மற்றது, ஏற்கெனவே வீங்கியவர்களைப் பராமரிப்பது. முதலாவது பெரிய வெற்றி. இலங்கை 2016-லேயே ஒழிப்புச் சான்று பெற்றது. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது. கும்பகோணம் என்றாலே கொசுவும் யானைக்காலும் என்று பேசிய காலம் போய்விட்டது, இன்றைய பிள்ளைகளுக்கு இந்த நோய் புதிதாக வருவது மிகவும் குறைந்துவிட்டது. அதற்காக உழைத்தவர்களை நான் வணங்குகிறேன்.

ஆனால் நிரந்தர வீக்கத்தோடு இருப்பவர்கள் உலகம் முழுக்கக் குறைந்தது 3.6 கோடிப் பேர் என்று அதே நிறுவனம் சொல்கிறது. விரைவீக்கம் உள்ள ஆண்களையும் சேர்த்த கணக்கு அது. புழு ஒழிந்த நாளில் இவர்கள் குணமாகிவிடுவதில்லை. தமிழ்நாட்டில் நான்காம் நிலை வீக்கம் உள்ளவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இவருடைய கால் அந்த நிலைக்குப் போகவில்லை, அதனால் கிடைக்காது. போகாமல் தடுப்பதுதான் எங்கள் வேலை.

புழுவே இல்லாமல் இதே துன்பத்தைப் படுகிறவர்களும் இருக்கிறார்கள். எத்தியோப்பிய மேட்டுநிலங்களில் எரிமலைப் பாறை சிதைந்த செம்மண்ணில் வெறுங்காலோடு உழைக்கும் விவசாயிகளுக்கு, மண்ணின் நுண்துகள் தோல் வழியே புகுந்து கால் வீங்குகிறது. போடோகோனியோசிஸ் என்று பெயர். அங்கே சுமார் 700 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கழுவுதல், களிம்பு, கட்டு, காலணி ஆகியவற்றால் காய்ச்சல் தாக்குதல்கள் குறைந்தன. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிகளை எடுத்த பெண்களுக்குக் கை வீங்குகிறது; சுமார் ஐந்தில் ஒருவருக்கு. எங்கள் வியாழக்கிழமை பெஞ்சில் இந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பள்ளி ஆசிரியை உட்கார்ந்திருப்பார். நோய் வேறு வேறு, தோலைக் காக்கும் வேலை இருவருக்கும் ஒன்றுதான். அந்த ஆசிரியை கரும்பலகையில் எழுத முடியாத கையைப் புடவைத் தலைப்பில் மூடி வைப்பார். இவர் காலைக் கொசுவத்துக்குள் மூடுவார்.

என்ன நடந்தது

ஆறு வாரத்தில் இடுக்குகள் காய்ந்து மூடின. அதற்கு அப்புறம்தான், 2023 ஜனவரியில், கட்டை மறுபடி எடுத்தோம். இந்த முறை வாரம் முழுக்கப் போட்டு வைக்கவில்லை. வேலை இல்லாத நாட்களில் பகலில் மட்டும்; மகளுக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தோம். கான்பராவில் 84 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், கட்டு, அழுத்த உறை போட்டவர்களில் 15 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 40 சதவீதம் பேருக்கும் தொற்று திரும்பியது. ஆகவே கட்டு என்ற முறை சரியானதுதான். நான் அதை வைத்த வரிசைதான் தவறு. ஏப்ரல், மே வெயிலில் அவரால் அதைப் போட முடியவில்லை. அளவெடுத்துத் தைக்கும் அழுத்த உறை வாங்கினாலும் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். அந்தச் செலவை இந்தக் குடும்பத்தால் தாங்க முடியாது. பாதி நாள் கட்டினார், பாதி நாள் இல்லை.

2022 டிசம்பர் முதல் 2023 நவம்பர் வரை காய்ச்சல் இரண்டு முறை வந்தது. மார்ச்சில் ஒன்று, உளுந்துச் செடி பறிக்கும்போது கணுக்காலில் கீறியதால். அக்டோபரில் ஒன்று, நடவில். இரண்டாவதில் முதல் மாத்திரையை நெறி கட்டிய ஒரு மணி நேரத்தில் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். வலது பாத வீக்கம் மருந்து மாற்றிய இரண்டு மாதத்துக்குள் போய்விட்டது. இடது கணுக்காலின் மேல் 29 செ.மீ. இருந்தது 26 ஆனது, ஆடுசதை 38.5-லிருந்து 36. பார்ப்பவர்களுக்கு இன்னும் அது யானைக்கால்தான். அவருக்குக் கூலி போன 45 நாள் 8 நாளாகியிருந்தது.

2024 பிப்ரவரியில் மகளுக்குக் கல்யாணம் ஆகி வெளியூர் போனார். ஏப்ரலிலும் ஜூனிலும் காய்ச்சல் வந்தது. ஜூனில் வந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தோம்: மற்ற இடுக்குகள் காய்ந்திருக்க, சுண்டுவிரல் இடுக்கு மட்டும் வெளுத்திருந்தது. மகள் துடைத்துக்கொண்டிருந்த அதே இடுக்கு. மகள் போனால் யார் என்ற கேள்வியை நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

எதை மாற்றியிருக்கிறோம், எதை மாற்ற வேண்டும்

எங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் சுற்றளவுக்கு மேலே இப்போது வேறு இரண்டு வரி வருகிறது: நான்கு இடுக்குகளின் நிலை, கடந்த 12 மாதத்தில் எத்தனை காய்ச்சல். மேசையில் டார்ச் கட்டிக் கிடக்கிறது. இடுக்கு காயும்வரை யாருக்கும் கட்டுப் போடுவதில்லை. மெட்டி, கொலுசு, அரைஞாண், காசிக்கயிறு, கையென்றால் வளையல் எது போட்டிருந்தாலும் அதன் அடியில் பார்க்கிறோம். பிரஷர் மாத்திரையின் பெயரைக் கேட்கிறோம். ஒரு வியாழன் வராவிட்டால் வெள்ளிக்கிழமை நர்ஸ் போன் செய்வார். கடைசி இடுக்கை வீட்டில் யார் துடைப்பார்கள், அவர் இல்லாவிட்டால் யார் என்று இரண்டு பேரை எழுதி வாங்குகிறோம்.

பென்சிலினை முதலிலேயே ஆரம்பித்திருக்கலாமா என்று இன்றும் யோசிக்கிறேன். ஒன்பது முறை காய்ச்சல் வந்தவருக்கு ஓராண்டு ஊசி போட்டிருந்தால் அந்த மார்ச், அக்டோபர் காய்ச்சல்களும் வராமல் போயிருக்கலாம். 21 நாளுக்கு ஒரு முறை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர அவர் தயாராக இருந்திருப்பாரா என்பதை அவரிடமே கேட்டிருக்க வேண்டும். நாங்களாக முடிவு செய்தோம். ஜூன் காய்ச்சலுக்குப் பின் கேட்டோம். வருகிறேன் என்றார். ஜூலையிலிருந்து ஊசி போகிறது.

அதே ஜூன் மாதம், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், நர்ஸ் கணவரை உட்கார வைத்து வேட்டிக் கிழிசலைக் கையில் கொடுத்தார். சாந்து பூசிப் பழகிய கை, முதலில் அழுத்தித் தேய்த்தார். "அப்படி இல்லண்ணே, நூல் இழுக்கிற மாதிரி" என்று நர்ஸ் இரண்டு முறை காட்டினார். மூன்றாவது முறை சரியாக வந்தது. அந்த அம்மா தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அவரைப் பார்த்தது 2024 டிசம்பரில். ஜூனுக்குப் பின் ஒரு காய்ச்சல், அக்டோபரில். கணுக்கால் மேல் 26.5. நான்கு இடுக்கும் காய்ந்திருந்தன.